எங்கள் குடும்பத்துப் பச்சை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் டெஸ்பாட்ச் மேற்பார்வையாளன். லாரியில் கம்பி ஏறுவதைப் பார்த்துக்கொள்வது உத்தியோகம்; ஏற்றுகிறவர்களைச் சிரிக்கவைப்பது உபதொழில். இரண்டில் எதற்குச் சம்பளம் தருகிறோம் என்று முதலாளிக்கே சந்தேகம் உண்டு.

வருடா வருடம் ஆலையில் மருத்துவ முகாம் நடக்கும். எடை, பிரஷர், சர்க்கரை என்று மூன்றைப் பார்த்து மூன்றுக்கும் திட்டி அனுப்புவார்கள். இந்த முறை கண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். கேன்டீனில் சாம்பார் வாளிகளை ஓரங்கட்டிவிட்டு ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் ஒரு புத்தகத்தைத் திறந்து நீட்டினார். பக்கம் முழுக்க வட்ட வட்டப் புள்ளிகள். நடுவில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. சொன்னேன். தலையாட்டினார். கண் பரிசோதனை இவ்வளவு சுலபமென்றால் எதற்கு இத்தனை கண் ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இதுல என்ன நம்பர் சார் தெரியுது?"

புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. பாயசத்தில் ஜவ்வரிசி மிதக்கிற மாதிரி. முதலில் டாக்டரம்மா ஜோக் அடிக்கிறார் என்றுதான் எண்ணினேன். நம்மிடமேவா என்று,

"நம்பரா? உங்க போன் நம்பரா மேடம்?" என்றேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஃபிட்டர் சத்தமாகச் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்னொரு பக்கம். அதற்குப் பின் இன்னொரு பக்கம். எல்லாம் ஜவ்வரிசி.

"அண்ணே, வெளாடாதண்ணே. எட்டு கீது பாரு, இம்மாம் பெருசா," என்றான் ஃபிட்டர், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பொய் சொன்னால் மூக்கு துடிக்கும். மூக்கு அமைதியாக இருந்தது. மறுபடியும் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே எட்டுமில்லை, ஏழுமில்லை. 

"சார், உங்களுக்குச் சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுல இருந்தே," என்றார் டாக்டரம்மா.

"மேடம், பாதி ஆயுசு போயாச்சு. இத்தனை நாளா எனக்கே தெரியாமயா?"

"சிக்னல்ல எப்படி வண்டி ஓட்டறீங்க?"

"மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். எல்லாரும் அப்படித்தானே?"

வரிசை முழுதும் அமைதியானது. எல்லோரும் அப்படி இல்லை என்பது அந்த அமைதியில் எனக்குப் புரிந்தது. தக்காளி வாங்கப் போனால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பேன்; கடைக்காரர் திட்டுவார். ஆலையில் கம்பிக் கட்டின் முனையில் அளவுக்கு ஒரு வண்ணமாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். நான் பெயிண்டைப் பார்க்காமல் கம்பியை விரலால் தடவியே அளவைச் சொல்வேன். கைப்பழக்கம் என்று பெருமை வேறு. அது பெருமையே இல்லையாம், ஊனமாம்.

டாக்டரம்மா ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்க. பரம்பரையா வர்றதுதான். அம்மாகிட்டருந்து பையனுக்கு வரும். உங்களுக்குப் பசங்க?"

"ஒரே பொண்ணு மேடம்."

"அப்போ கவலையே இல்லை. பொண்ணுங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். ஆம்பளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அதான் இந்தப் பாடு. மனைவி வெளியிலதானே எடுத்தீங்க?"

"சொந்த அக்கா பொண்ணு மேடம்."

அவர் பேனா நின்றது. எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது அதிசயமே இல்லை. கட்டாமல் விட்டால்தான் 'ஏன், இன்னா கோவம்?' என்று ஊர் விசாரிக்கும். ஆனால் நின்ற பேனாவைப் பார்த்ததும் எனக்கு என் கல்யாணப் பத்திரிகையே குற்றப்பத்திரிகை மாதிரித் தெரிந்தது.

"ஒரு தடவை பொண்ணையும் பாத்துடுங்க," என்றார்.

இப்போது பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். சின்ன வயதிலிருந்தே ரயில் எஞ்சின் ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. பொம்மை ரயில் கேட்டு அழுதவள் இல்லை. நிஜ ரயிலைக் கேட்டு அழுதவள். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். அதுவும் அடுத்த மாதம். எஞ்சின் ஓட்டுநருக்கு அங்கே முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. கண்ணைத்தான்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கை நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, போனில் படிக்க ஆரம்பித்தேன். டீ ஆறியது. நான் ஆறவில்லை.

கணக்கு இதுதான். எனக்குப் பழுதான எக்ஸ் வந்தது என் அம்மாவிடமிருந்து. அதே எக்ஸ் என் அக்காவுக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அக்காவிடமிருந்து அவள் மகளான என் மனைவிக்கு, அதில் பாதி. மனைவியிடமிருந்து என் மகளுக்கு, அதிலும் பாதி. என் பக்கத்துப் பழுது எப்படியும் மகளுக்குப் போயிருக்கும். கொடுப்பதற்கு என்னிடம் வேறு எக்ஸ் கிடையாது. ஆக எட்டில் ஒரு பங்கு ஆபத்து. மற்ற குடும்பங்களில் ஒரு பழுது கிளம்பினால் ஊர் ஊராகப் போய்க் கரைந்துவிடும். எங்கள் குடும்பத்தில் அது டவுன் பஸ்ஸில் ஏறி, ஊரைச் சுற்றி, ஏறின ஸ்டாப்பிலேயே இறங்குகிறது. பெண் கொடுத்து எடுத்து, சொத்து வெளியே போகாமல் காப்பாற்றினார்களே பெரியவர்கள், அதில் இந்தச் சொத்தும் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை; கேட்க ஆளில்லை. படித்துக்கொண்டே போனேன். பாலூட்டிகளில் பெரும்பாலானவை என்னைப் போலத்தான் பார்க்கின்றனவாம். மாடு, நாய், பூனை எல்லாம் என் கட்சி. குரங்குகளில் நம் கிளையில் மட்டும், எந்தக் காலத்திலோ ஒரு முன்னோரின் எக்ஸில், நிறம் காட்டும் மரபணு ஒன்று தவறுதலாக இரண்டு முறை நகலாகிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரே பக்கம் இரண்டு தடவை விழுமே, அதே கதை. கூடுதலாக விழுந்த நகல் காலப்போக்கில் கொஞ்சம் மாறி, ஒன்று சிவப்பின் பக்கமும் மற்றது பச்சையின் பக்கமும் சாய்ந்தன. இலைக்கு நடுவே பழுத்த பழம் பளிச்சென்று தெரிந்ததால் அந்தத் தவறு நிலைத்துவிட்டதாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஏறக்குறைய ஒரே எழுத்து. அதனால்தான் மறுபடி நகலெடுக்கும்போது சில சமயம் ஒன்று கழன்றுவிடுகிறது. மனிதகுலம் சிவப்பைப் பார்ப்பதே ஒரு தப்பால். நான் பார்க்காதது இன்னொரு தப்பால். இதில் நான் யாரைப் போய்த் திட்டுவது?

தென் அமெரிக்கக் காடுகளில் சில குரங்கு இனங்களில் ஆண் அத்தனையும் என்னைப் போலவாம். பெண்களில் சிலவற்றுக்கு மட்டும் எல்லா நிறமும் தெரியுமாம். அங்கே பழம் வாங்கி வர யாரை அனுப்புவார்கள் என்று யோசித்தேன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொரு கதை என்னை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. பழைய காலத்து வேதியியல் அறிஞர் ஒருவருக்கும் இதே கோளாறு. தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருக்க வேண்டும், அதுதான் சிவப்பைத் தின்கிறது என்பது அவர் கட்சி. 'நான் செத்ததும் கண்ணை அறுத்துப் பாருங்கள்' என்று சொல்லிவைத்தார். செத்தார். அறுத்தார்கள். உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவு. அந்தக் கண்ணைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, நூறு வருடத்துக்கும் மேல் கழித்து அதிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தால், ஒன்று குறைகிறது. மனிதருக்கு ரிப்போர்ட் வரக் கல்லறையில் அவ்வளவு காலம் காத்திருப்பு. எனக்குக் கையில் இருந்தது ஒரு மாதம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையம் வழியாகத் திருப்பாச்சூர் பக்கம் மச்சான் ஊருக்கு வண்டியை விட்டேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அதாவது என் அக்காவின் மகன். அவனுக்கு நான் இரண்டு பக்கத்தாலும் மாமன். நெல் போடுகிறவன். அவனுக்கும் இந்தக் கோளாறு இருந்தால், அக்காவிடம் பழுது இருந்தது உறுதி. அப்போது எட்டில் ஒன்று, நாலில் ஒன்றாகிவிடும். இல்லையென்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அவன் கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நலம் விசாரிக்காமல் போனில் புள்ளிப் படத்தைக் காட்டினேன்.

"இதுல இன்னா தெரியுது மச்சான்?"

நெடுநேரம் பார்த்தான். "ஃபோட்டோ சரியா வுழல மாமா. வெறும் புள்ளியாத்தான் கீது."

மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மாமா, ஒரு மாதிரி ஆயிட்ட? நாஷ்டா துன்னியா இல்லியா?"

அப்போதுதான் மாடுகளைப் பார்த்தேன். பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் இன்னும் கொம்பில் ஒட்டியிருந்தது.

"கொம்புக்கு இன்னா கலர் அடிச்ச?"

"பச்சை மாமா. நல்ல நெல்லுப் பச்சை. ஊர்ல அல்லாரும் சிரிச்சானுங்க. இன்னாடா, எந்தக் கட்சிலயும் சேராத கலரா கீதுன்னு. பொறாமை புடிச்சவனுங்க."

எனக்கும் அது பச்சையாகத்தான் தெரிந்தது. அதுதான் பயமே. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாக்குக் கலரு. அத்த இன்னாத்துக்கு மெனக்கெட்டுக் கேக்குற? கண்ணு தெரியலியா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாக்கென்றால் சிவந்த பழுப்பு; பச்சைக்குப் பக்கத்தில்கூட வராதாம்.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கவலைப்பட்டது மாட்டைப் பற்றி. "மாட்டுக்கு அசிங்கமாப் பூடுச்சே மாமா!" என்றான். மாட்டுக்கும் அந்தக் கலர் தெரியாது என்று சொல்லித் தேற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நாலில் ஒன்று.

வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மகளைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபிறகுதான் புரிந்தது, தேர்வு வைக்கிற வாத்தியாருக்கே விடை தெரியாது என்று. அதனால் ஒவ்வொரு பொருளையும் முதலில் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"குளிக்கிற பக்கெட்டு இன்னா கலரு?"

மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "இன்னா மாமா, காத்தாலேயே போட்டுக்கினியா?"

"சும்மா சொல்லேன்."

"பச்சை. போன வருசம் நீ வாங்கினதுதான?"

அவ்வளவு போதும். மகள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். பக்கெட்டைத் தூக்கிக் காட்டி, வேடிக்கை போலச் சிரித்துக்கொண்டே, "ரயில் டிரைவரம்மா, இது இன்னா கலருன்னு சொல்லுங்க பாக்கலாம்!" என்றேன்.

"பாக்குக் கலரு," என்றாள். சிரித்தாள்.

ஒரு நொடி என் இதயம் பக்கெட்டுக்குள் விழுந்தது. மனைவி அடுப்படியிலிருந்து, "பாரு, நைனாவுக்குத் தப்பாத பொண்ணு. ரெண்டும் சேந்துக்கினு என்னைக் கலாய்க்குது!" என்று கத்தினாள். மகள் இன்னும் பலமாகச் சிரித்தாள். ஆஹா, கலாய்க்கிறாள்! என் பெண்ணல்லவா! நேராக ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது? எனக்கு வந்த நிம்மதியில், பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினேன்.

அந்த நிம்மதியில்தான் மனைவியிடம் என் கண் கதையைச் சொன்னேன். மகளைப் பற்றிய பயம் போய்விட்டதே, இனி என் கதை வெறும் வேடிக்கைதானே என்று. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்து ஒரு பட்டுப் புடவையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"கல்யாணத்துக்கு நீயே கடைக்குப் போயி எடுத்த பொடவை. இது இன்னா கலருன்னு நெனச்சி எடுத்த?"

"பச்சை. மாவிலைப் பச்சை."

"பாக்குக் கலரு மாமா."

புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் மாவிலைதான்.

"உனக்குப் பாக்குக் கலர் உசுருன்னு நெனச்சி, அன்னிலேர்ந்து தீவாளிக்கு, பொங்கலுக்கு, அல்லாத்துக்கும் பாக்குக் கலராப் பாத்துப் பாத்து எடுத்துக் கட்டிக்கினு கீறேன். எனக்குப் புடிக்கவே புடிக்காது அந்தக் கலரு!"

இத்தனை வருடம் அவளைப் பச்சைப் புடவையில் பார்த்துச் சொக்கிப்போயிருந்தேன். இத்தனை வருடம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாக்கு கட்டியிருக்கிறாள். இதற்கு மேல் ஒரு அதிர்ச்சி இருக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை மிக்சி ரிப்பேர். மகள் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய காலேஜ் டூல் பெட்டி. நான் பாராட்டுகிற சாக்கில் தொந்தரவு செய்யப் போய் உட்கார்ந்தேன். பெட்டியில் இருந்த ஒயர்கள் ஒவ்வொன்றிலும் டேப் துண்டு ஒட்டி, பேனாவால் ஓர் எழுத்து எழுதியிருந்தாள்.

"இது எதுக்குமா?"

"கலரை வச்சிப் பாத்தா கொழம்பிடும்ல நைனா. மீட்டர் வச்சிப் பாத்துட்டு ஒட்டிக்கணும். அல்லாரும் அப்டித்தான்."

"அல்லாருமா? உன் கிளாஸ்ல யார் யாரு ஒட்டுவாங்க?"

ஸ்க்ரூ டிரைவரை நிறுத்திவிட்டு யோசித்தாள். "நானு," என்றாள்.

மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்குப் பக்கெட்டு பாக்குக் கலருன்னியே. கலாய்ச்சதானே?"

"எதுக்குக் கலாய்க்கணும்? பாக்குக் கலர்தான?"

"அப்போ ஏன் சிரிச்ச?"

"நீ சிரிச்ச. அதான்."

நான் என் பெண் விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று சிரித்தாள். நாங்கள் இருவரும் விளையாடுகிறோம் என்று மனைவி திட்டினாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் உண்மை நடுக்கூடத்தில் வந்து நின்றும், உட்காரச் சொல்ல ஆளில்லை.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி என் போனை எடுத்து வந்தாள். புள்ளிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மகள் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். போனைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு நம்பர் தெரியுதாம்மா?"

மனைவி தலையாட்டினாள். மகள் மிக்சியின் ஸ்க்ரூக்களை எல்லாம் பொறுக்கி, ஒன்றுகூட விடாமல் மூடியில் போட்டுவிட்டு, எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அன்று எங்கள் வீட்டில் சட்னி இல்லை.

மனைவி தன் வயிற்றைத் திட்டினாள். நான் என் எக்ஸைத் திட்டினேன். பெண்களுக்கு வராது என்பது ஊர் உலகத்துக்கு. பெண்ணுக்கு வர வேண்டுமென்றால் அப்பன், ஆயி இரண்டு பக்கமும் பழுது வேண்டும். நாங்கள் தாலி கட்டி, மேளம் அடித்து, ஊருக்குச் சாப்பாடு போட்டு அதை ஏற்பாடு செய்திருக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து மச்சான் பைக்கில் பறந்து வந்தான். கையில் ஒரு கவர். முகத்தில் உலகத்தைக் காப்பாற்றிய களை.

"கவலைய வுடு மாமா. திருவள்ளூர்ல ஒருத்தன் சொன்னான். அந்தப் புள்ளி புக்கை மனப்பாடம் பண்ணிக்கினு போயி பாஸ் பண்ணவன் எத்தினியோ பேரு கீறானாம். எந்தப் பக்கத்துல எந்த நம்பருன்னு தெரிஞ்சா போறும். நெட் சென்டர்ல கலர் பிரிண்டே போட்டுக்கினு வந்துட்டேன்!"

எனக்கு அது கடவுள் அனுப்பிய கவராகத் தெரிந்தது. அது சரியா தப்பா என்று யோசிக்கிற பாகம் மூளையில் அன்று விடுமுறை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் விடைகளைத் தயார் செய்துவிடலாம் என்று தாள்களைத் தரையில் பரப்பினோம். படிக்கக் கண்ணுள்ள ஒரே ஆள் என் மனைவி. அவளை நடுவில் உட்காரவைத்தோம்.

"படி," என்றேன்.

பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அடுத்த தாளை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். அவள் முகம் வெளுத்தது.

"மாமா, ஒண்ணுமே தெரியல."

"இன்னா சொல்ற?"

"வெறும் புள்ளிதான் மாமா. எனக்கும் பூடுச்சா?"

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நேற்று வரை தெரிந்த கண்! இது ஒட்டுவாரொட்டியா? எக்ஸ், மரபணு, குரங்கு என்று நான் படித்ததெல்லாம் ஒரே நொடியில் பறந்துபோனது. "ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுடா!" என்று கத்தினேன். மச்சான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டு, சாமி படத்தைப் பார்த்தாள். அங்கே குங்குமத்தைப் பார்த்தாள். திரும்பத் தாளைப் பார்த்தாள். எழுந்த வேகத்தில் தாளால் தன் அண்ணன் தலையில் ஒரு போடு போட்டாள்.

"இதுல செவப்பே இல்லடா! மிசின்ல செவப்பு மை தீந்து போயிக்கீது. அத்தனையும் ஒரே மஞ்சப் பச்சை!"

கலர் பிரிண்ட் கடையில் காசு கொடுத்தவனுக்கும் தெரியவில்லை. வாங்கித் தரையில் பரப்பியவனுக்கும் தெரியவில்லை. எங்களுக்கு எப்போதும்போல நல்ல கலரில்தான் இருந்தது.

சத்தம் கேட்டு, ஈரத் தலையோடு மகள் வந்து நின்றாள். தரையில் புள்ளிகள், நடுவில் அம்மா, செருப்பு மாறிப்போன மாமன், விழித்துக்கொண்டிருக்கும் அப்பன். யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"மனப்பாடம் பண்ணிக்கினு போயி பாஸ் பண்ணிடலாமா நைனா?"

"ஏம்மா, நம்பர்தான? நீ எம்மாம் படிச்ச பொண்ணு..."

"பண்ணிடலாம். ஒரு நாள்ல பண்ணிடுவேன். அப்பறம் வண்டி ஓட்டிக்கினு போவச்சொல்ல சிக்னல் கம்பம் வந்து நம்பர் சொல்லுமா?"

மச்சான் தாள்களை அடுக்கிக் கவருக்குள் போட்டான். நான் ஏதாவது ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"அப்போ போவ வேணாம்மா," என்றாள் மனைவி.

"போவேன். எழுதி பாஸ் பண்ணி வாங்கின எடம். போய் உக்காந்து பாக்கறேன். தெரிஞ்சா சொல்றேன். தெரியலன்னா தெரியலம்பேன். வூட்ல உக்காந்துக்கினே இல்லன்னு ஆவ வேணாம்."

பரிசோதனை பட்டணத்தில். மூன்று பேரும் முதல் லோக்கல் ரயிலில் போனோம். எங்களை உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கே என் மாதிரி நிறைய அப்பன்கள். ஒருவர் பையனுக்குப் போனில், "ரெண்டாவது பக்கம் எட்டு, மறந்துடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து போய் அவரை அறையவும் தோன்றியது; அந்தப் போனைப் பிடுங்கி என் மகளுக்குக் கொடுக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. கடைசி நிமிடத்தில் மரபணு மனது மாறி, அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவளுக்குப் பச்சையைக் காட்டிவிடாதா என்று இருந்தது. இவ்வளவும் படித்தபிறகு.

சீக்கிரமே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மொதப் பக்கம் படிச்சேன். அது அல்லாருக்கும் தெரியற பக்கமாம். அப்பறம் தெரியலன்னேன். இன்னொரு தபா பாருமான்னாரு. பாத்தேன். தெரியலன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு."

"அப்பறம்?"

"அடுத்த ஆளைக் கூப்ட்டாரு."

அவ்வளவுதான். இத்தனை வருட ஆசைக்கு அவ்வளவுதான் நேரம் பிடித்தது. மனைவி அவள் பையை வாங்கிக்கொண்டாள். மகள் பசிக்கிறது என்றாள். பக்கத்தில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். அவள் நிறையச் சாப்பிட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகழுவப் போனவள் வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. திரும்பியபோது முகம் முழுதும் தண்ணீர்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. பொன்னேரி தாண்டி ஒரு வளைவில் வண்டி நின்றது. மகள் கதவருகில் போய் நின்றாள். நானும் போய் நின்றேன். அவள் குதித்துவிடுவாளோ என்று எனக்கு; அப்பன் விழுந்துவிடுவானோ என்று அவளுக்கு. வளைவில் முன்னால் சிக்னல் கம்பம் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த நேரத்தில் அதில் விளக்கு மாறியது.

"நைனா, அது உனக்கு எப்டித் தெரியுது?"

வழக்கமாக நான் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு கிண்டலை எடுத்து வீசுவேன். அன்று ஒழுங்காகப் பார்த்தேன்.

"வெள்ளையா. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி. லேசா வெளுத்து."

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "எனக்கும் அதேதான்! சுண்ணாம்புத் தண்ணி!" என்றாள். பிறகு, "மேல கீழன்னு இல்லாம ஒரே வெளக்கா இருந்தா உனக்கும் கண்டுபுடிக்க முடியாதுல்ல?" என்றாள்.

"முடியாதும்மா."

கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்நாளில் நான் பார்ப்பதை அப்படியே பார்க்கிற இன்னொரு ஆளோடு நின்று ஒன்றைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதற்குக் கொடுத்த விலை அவளுடைய எஞ்சின்.

மனைவி சீட்டிலிருந்து எழுந்து வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"பச்சை," என்றாள்.

வண்டி கிளம்பியது.